ஆங்ரி, ஹங்ரி... மூன்றாவது சொல் எது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்று முதலில் ஒரு கல்லூரி மாணவரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். சுருக்கிச் சொன்னால் அது இதுதான்: "ஆங்கிலத்தில் ஜி, ஆர், ஒய் என்ற எழுத்துகளில் முடியும் சொற்கள் மொத்தமே மூன்று என்கிறார்கள். ஆங்ரி, ஹங்ரி இரண்டும் தெரியும். மூன்றாவது எது? நேர்முகத் தேர்வில் கேட்டால் என்ன சொல்வது? வழக்கொழிந்த சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. நெடுங்காலமாக எல்லோருக்கும் தெரிந்த சொற்கள் என்று பார்த்தால் இந்த இரண்டுதான். மூன்றாவதாக ஒன்று ஒளிந்துகொண்டிருப்பதாகச் சொல்வது வெறும் புதிர்.

அந்தப் புதிர் அமெரிக்காவில் பரவியது. 1975ஆம் ஆண்டிலேயே மெரியம் வெப்ஸ்டர் அகராதி அலுவலகத்துக்கு இதைக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதன்பிறகு வானொலி, செய்தித்தாள், நூலகம், பிறகு இணையம் என்று அலைந்து நம் ஊர்த் தேர்வுக் கையேடுகள் வரை வந்துவிட்டது. இடையில் அதற்கு ஒரு தந்திர வடிவமும் முளைத்தது. 'தி இங்கிலீஷ் லாங்வேஜ்' என்பதில் மூன்று சொற்கள் இருக்கின்றன, மூன்றாவது சொல் என்ன என்று கேட்பார்கள். விடை 'லாங்வேஜ்'. ஆங்ரியும் ஹங்ரியும் கவனத்தைத் திருப்புவதற்காகப் போட்டவை. வாயால் கேட்டால் சரியாக வேலை செய்யும். எழுத்தில் மேற்கோள் குறி போட்டாலே குட்டு உடைந்துவிடும்.

சரி, பெரிய அகராதிகளில் தேடினால் ஒன்றுமே அகப்படாதா? அகப்படும். ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1884இல் வெளிவந்து, முதற்பதிப்பு 1928இல்தான் நிறைவடைந்தது. வழக்கிழந்த சொற்களுக்கு முன்னால் சிறிய குத்துவாள் போன்ற ஓர் அடையாளம் போடுவது அந்த அகராதியின் வழக்கம். அந்தக் குத்துவாளுக்குப் பின்னால் போய்த் தேடினால் இந்த முடிவுள்ள சொற்கள் சில கிடைக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது 'க்ரி'. ஜி, ஆர், ஒய் மூன்றும் சேர்ந்து தாமே ஒரு சொல்லாக நிற்கின்றன. தத்துவ அறிஞர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றி எழுதிய தம் பெருநூலில் இதை ஓர் அளவையாகச் சொல்கிறார். ஒரு நொடிக்கு ஓர் அசைவு அசையும் ஊசலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு 'தத்துவ அடி'. அதில் பத்தில் ஒரு பங்கு அங்குலம். அதில் பத்தில் ஒன்று 'லைன்'. அதிலும் பத்தில் ஒன்று க்ரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட ஊசலின் நீளம் ஏறத்தாழ 99 சென்டிமீட்டர். ஆகவே ஒரு க்ரி என்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கிரேக்க மொழியில் அந்தச் சொல்லுக்கு நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் அழுக்கு, துச்சமான சிறு பொருள் என்று பொருள் சொல்வார்கள். எல்லா அளவைகளையும் பத்துப் பத்தாகப் பிரிக்க வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் சிந்தித்ததன் தடயம் இது. அளவை நிலைக்கவில்லை. சொல் மட்டும் அகராதியில் தங்கிவிட்டது. நம்மிடமும் 'இம்மி' ஒரு கீழ்வாய்ப் பின்னம்தான், அதாவது ஒன்றுக்கும் கீழான மிகச் சிறிய பங்கு. இன்று அதை வைத்து யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆனால் 'இம்மியும் பிசகாமல்' என்று நாம் சொல்வதால் அது பிழைத்திருக்கிறது. க்ரிக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை.

அடுத்தது 'பக்ரி'. இது நம் பக்கத்துச் சரக்கு. இந்தியில் தலைப்பாகையைக் குறிக்கும் பகடிதான் ஆங்கிலேயர் வாயில் இப்படி ஆனது. வெயிலுக்காக அவர்கள் அணிந்த சோலா தொப்பியைப் பழைய புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அதைச் சுற்றிக் கட்டி, பிடரியில் வெயில் படாமல் பின்னால் தொங்கவிடும் மெல்லிய துணிக்குப் பெயர் பக்ரி. அந்தத் தொப்பியே நெட்டி என்ற நீர்ச்செடியின் மென்மையான தண்டில் செய்தது. தஞ்சாவூரில் கோவில், யாளி என்று வெள்ளை வெளேரென்று நெட்டி வேலை செய்கிறார்களே, அதே நெட்டி. 1886இல் வெளிவந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் என்ற ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியத்தில் பக்ரிக்குத் தனிப் பதிவு இருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் அச்சாகி வருவதற்கு முன்பே, 1882இல் அவர் இறந்துவிட்டார். ஹென்றி யூல் அதை முடித்து வெளியிட்டார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். 'ஆக்ரி' என்பது இன்றைய கானா பகுதியில் பெருமதிப்புப் பெற்றிருந்த பழங்காலக் கண்ணாடி மணிகளின் பெயர். 'இக்ரி' என்பது எகிப்திய அரபியில் 'ஓடு' என்று சொல்வதிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் எகிப்தில் இருந்த படைவீரர்கள் 'சீக்கிரம்' என்ற பொருளில் அதை எடுத்துக்கொண்டார்கள். 'அன்ஹங்ரி' ஷேக்ஸ்பியருடைய கோரியோலேனஸ் நாடகத்தின் முதற்காட்சியில் வருகிறது. தானியம் கேட்டுக் கிளர்ந்த ரோமானிய ஏழைகளைப் பற்றி, பசிக்கிறது என்றார்களாம் என்று நாயகன் ஏளனமாகச் சொல்லும் இடம் அது. புதிய சொல்லும் ஒன்று இருக்கிறது. பசியால் வரும் எரிச்சலைக் குறிக்கும் 'ஹாங்ரி', 2018இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதியில் ஏறியது. ஆனால் அது ஹங்ரியையும் ஆங்ரியையும் ஒட்டுப்போட்டுச் செய்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். ஹங்ரி, ஆங்ரியிலிருந்து பிறந்தவற்றை விட்டுவிட்டால், இந்தச் சொற்களுக்குள் எந்த உறவும் கிடையாது. ஒன்று கிரேக்கம், ஒன்று இந்தி, ஒன்று அரபி, ஒன்று மேற்கு ஆப்பிரிக்கா. கடைசி மூன்று எழுத்து ஒன்றாக இருப்பது தற்செயல். தமிழில் 'பெருமை' என்ற சொல்லில் மை விகுதி இருக்கிறது. 'எருமை' என்பதிலும் மை என்ற எழுத்து இருக்கிறது, ஆனால் அது விகுதியன்று. எதுகை சேருகிறது என்பதற்காக இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்துக் குழந்தைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுப்போமா?

ஆங்ரியிலும் ஹங்ரியிலும்கூட விகுதி என்பது கடைசி ஒய் மட்டும்தான். ஆங்கர், ஹங்கர் என்ற பெயர்ச்சொற்களோடு அந்த ஒய் சேரும்போது நடுவில் இருந்த ஈ எழுத்து விழுந்துவிட்டது. விண்டர் என்பது விண்ட்ரி ஆவதும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்திலேயே 'ஹங்ரிக்' என்ற வடிவம் இருந்தது. ஜி, ஈ, ஆர் என்ற எழுத்துகளில் முடியும் பெயர்ச்சொல்லாகவும் இருக்க வேண்டும், ஒய் விகுதியும் ஏற்க வேண்டும், நடுவில் ஈயும் விழ வேண்டும். மூன்றும் ஒருங்கே அமைவது அரிது. ஜிஞ்சர் ஒய் விகுதியை ஏற்கிறது, ஆனால் ஈயை விடாமல் ஜிஞ்சரி ஆகிறது. டேஞ்சர் ஒய்யையே ஏற்காமல் டேஞ்சரஸ் ஆகிவிட்டது. இரண்டே சொற்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். இதில் மர்மம் எதுவும் இல்லை.

மனப்பாடம் செய்யலாமா என்று கேட்டீர்கள். இந்தப் பட்டியல் வேண்டாம். உண்மையான விகுதியோடு முடியும் அரிய சொற்களைப் பாருங்கள், நிறையக் கிடைக்கும். டி, எச் விகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வார்ம் வார்ம்த் ஆகிறது, டீப் டெப்த் ஆகிறது, ட்ரூ ட்ரூத் ஆகிறது. நம் மை விகுதியைப் போலப் பண்பைப் பெயராக்கும் வேலையைச் செய்கிறது. இன்று யாரும் இதை வைத்துப் புதுச்சொல் படைப்பதில்லை. ஆனாலும் நடுநடுவே சிலர் முயன்றிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல், பழைய மடாலயங்களின் மங்கிய இருட்டைச் சொல்ல 'க்ளூம்த்' என்றார், பசுமைக்கு 'கிரீன்த்' என்றார். ஷேக்ஸ்பியரில் சிந்திப் பாழான மதுவுக்கு 'ஸ்பில்த்' இருக்கிறது.

இவற்றில் ஒன்றை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கின் 1860இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரைகளில், சுற்றிலும் நாசத்தை விளைவிக்கும் பணத்தையும் வெல்த் என்று சொல்வது தகாது என்று நினைத்தார். அதற்கு எதிர்ச்சொல்லாக 'இல்த்' என்று ஒன்று வேண்டும் என்று எழுதினார். அந்தக் கட்டுரைகள்தான் 'அன்டு திஸ் லாஸ்ட்' என்ற நூலாயின. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போன ரயிலில் காந்தி படித்து, 1908இல் குஜராத்தியில் 'சர்வோதயா' என்று தந்தது இந்த நூலைத்தான். இல்த் பொதுவழக்கில் வேரூன்றவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்கு இன்றும் வேலை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

வேளாண்மை படிப்பவர்களிடம் 'டில்த்' என்று கேட்டால் உடனே சொல்வார்கள். உழுது பதப்பட்ட மண்ணின் நிலை. வெளியில் யாருக்கும் தெரியாத சொல் அவர்கள் பாடநூலில் நன்றாகவே இருக்கிறது.

நேர்முகத் தேர்வில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "பொதுவழக்கில் இரண்டு. 2018இல் அகராதியேறிய ஹாங்ரியைச் சேர்த்தால் மூன்று. அரிய சொற்களில் பக்ரி போல இன்னும் சில உண்டு." இனி இப்படி ஏதாவது பட்டியல் கைக்கு வந்தால், முடிவு எழுத்துகளை நீக்கிவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். வார்ம்த்தில் வார்ம் மிஞ்சும், முழுச்சொல். ஹங்ரியில் ஜி, ஆர், ஒய்யை எடுத்தால் பசிக்குத் தொடர்பில்லாத 'ஹன்' என்ற துண்டுதான் மிஞ்சும். முன்னதைப் படியுங்கள், பின்னதை விட்டுவிடுங்கள்.