கட்டைவிரலும் குறிப்பு நோட்டும்

நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம். புகைப்படச் சேகரிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்; ஒரு கட்டைவிரலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டாரத்தியா லாங்கே எடுத்த அந்தத் தாயின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். மடியில் கைக்குழந்தை, இரண்டு பக்கமும் தோளில் முகம் புதைத்த பிள்ளைகள், கன்னத்தைத் தொட்டபடி ஒரு கை. 1936 மார்ச்சில், கலிபோர்னியாவில் நிபோமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் எடுத்தது. வலது பக்கம் கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் மங்கலாகத் தெரியும். லாங்கேவுக்கு அது உறுத்தலாக இருந்தது. 1939இல் நெகட்டிவிலேயே அதை அழிக்க வைத்தார். அரசாங்கத்தின் புகைப்படத் திட்டத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்த ராய் ஸ்ட்ரைக்கருக்கு இதில் கோபம். என்னைக் கேட்டால் ஸ்ட்ரைக்கர் பக்கம்தான் நியாயம். நல்லவேளை, அழிப்பதற்கு முன் போட்ட பிரிண்ட் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. அன்று எடுத்த மற்ற படங்களும் இருக்கின்றன. ஒன்றில் கூடாரம் முழுசாகத் தெரிகிறது. ஒரு பெட்டி, ஆடும் நாற்காலியில் மூத்த பெண். பிரபலமான படத்தில் இந்தப் பெண்ணே இல்லை.

சேகரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். புகழ்பெற்ற ஒரு படம் மட்டும் போதாது. அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை, கூடவே எழுதிய எழுத்து, எல்லாம் வேண்டும்.

எழுத்து விஷயத்தில் லாங்கே மாதிரி ஒருவரைப் பார்ப்பது அபூர்வம். ஏழு வயதில் போலியோ வந்து வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்தவர். வயற்காட்டில் கூலிகளோடு பேசிவிட்டு, அவர்கள் சொன்ன வார்த்தைகள் மறப்பதற்குள் காருக்குத் திரும்பி நோட்டில் எழுதிவிடுவார். கணவர் பால் டெய்லர் பொருளாதாரப் பேராசிரியர்; இரண்டு பேரும் சேர்ந்தே அலைந்தார்கள். ஆனால் நிபோமோவில் இது நடக்கவில்லை. ஒரு மாத வேலை முடிந்து வீடு திரும்பும் வழி. முகாமின் பலகையைத் தாண்டி 20 மைல் போன பிறகு மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பியவர், பத்து நிமிஷம்தான் அங்கே இருந்தார். பெயர் கேட்கவில்லை. ஏழு குழந்தைகளின் தாய், வயது 32 என்ற அளவில்தான் படக்குறிப்பு இருக்கிறது. 1960இல் நினைவிலிருந்து எழுதியபோது, சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றிருந்தார்கள் என்றார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அந்தக் குடும்பம் மறுத்தது. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது 1978இல். அவர் செரோக்கி இனத்துப் பெண் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது. லாங்கே 1965இலேயே இறந்துவிட்டார்.

அவர் விட்டுப்போனவை இன்று ஒரே இடத்தில் இல்லை. அரசாங்கத்துக்காக எடுத்த நெகட்டிவ்கள் அரசாங்கத்துக்கே சொந்தம் என்பதால் வாஷிங்டன் போய்விட்டன. காங்கிரஸ் நூலகத்தில் அந்தத் திட்டத்தின் நெகட்டிவ்கள் மட்டும் ஏறத்தாழ 1,75,000. பல பேர் எடுத்தவை. வேண்டாம் என்று ஸ்ட்ரைக்கர் ஓட்டை போட்டவைகூட அதில் உண்டு. சிலவற்றில் ஒரு மனிதரின் முகத்துக்கு நடுவிலேயே கறுப்பு வட்டம் விழுந்திருக்கும். பார்க்கவே வயிற்றைப் பிசைகிறது. லாங்கே கையிலிருந்தவற்றை அவர் இறந்த பிறகு டெய்லர் ஓக்லாந்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்: 25,000 நெகட்டிவ்கள், 6,000 பிரிண்ட்கள், அப்புறம் அந்தக் குறிப்புகள்.

மூன்றாவது பகுதி அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஜப்பானோடு போர் நடந்த 1942இல், மேற்குக் கரையோரத்து ஜப்பானிய வம்சாவளி மக்கள் 1,10,000க்கும் மேற்பட்டோரை வீட்டைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். அதைப் படம் எடுக்க அரசாங்கமே லாங்கேவை வேலைக்கு வைத்தது. முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி ஏந்திய சிப்பாய், இதையெல்லாம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. எடுத்துக் கொடுத்ததையும் ராணுவம் முடக்கியது. சில பிரிண்ட்களில் 'முடக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதியே வைத்தார்கள். போர் முடியும்வரை ஜனங்கள் கண்ணில் காட்டவில்லை. அந்தப் படங்கள் பெரிய அளவில் நூலாக வந்ததே 2006இல்தான்.

அதில் ஒரு படம். கலிபோர்னியாவின் ஹேவர்டில் முகாமுக்குப் போகும் பஸ்ஸுக்காக நிற்கும் குடும்பம். மூட்டை முடிச்சுகளைப் போலவே பிள்ளைகளின் கோட்டிலும் அடையாளச் சீட்டு தொங்குகிறது. இந்த முறை படக்குறிப்பில் பெயர் இருக்கிறது. மோச்சிடா குடும்பம். ஈடன் டவுன்ஷிப்பில் இரண்டு ஏக்கர், ஒரு நாற்றங்கால், ஐந்து கண்ணாடிக் குடில்கள். மோச்சிடா அங்கே என்ன பூக்கள் வளர்த்தார் என்பதுகூட எழுதியிருக்கிறது: ஸ்நாப்டிராகனும் ஸ்வீட் பீயும்.