அட்வான்ஸ் கேட்ட லேப்டாப்

வணக்கம் மக்களே. பின்னால் சத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில், மாமா கடை வாசலில் நின்று பேசுகிறேன்.

மல்லிகைக் கணக்கு எழுத மாமாவின் பழைய லேப்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே போன். "மாப்ள, ஆன் பண்ணினா அட்வான்ஸ் கேக்குது!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் க்ரப் மெனு, அதாவது ஆன் ஆனதும் எந்தச் சிஸ்டத்தை ஏற்றுவது என்று கேட்கும் திரை. இரண்டாவது வரியில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. டெபியனில் அந்த மெனு 5 நொடி நிற்கும், எதையும் தொடாவிட்டால் தானாக உள்ளே போய்விடும். அது மாமாவுக்கு எப்படித் தெரியும்? சரி, இருப்பது ஒரே சிஸ்டம், மெனு எதற்கு என்று மறைத்துவிட்டேன். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸும் தனியாக இருந்தால் அப்படித்தானே செய்கிறது.

நாலு மாதம் நிம்மதி. அப்புறம் கெர்னலுக்கு, அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு, ஒரு அப்டேட் வந்தது. விடிகாலையில் திரை கறுப்பு, கடையில் கூட்டம். பழைய கெர்னல் உள்ளேயே இருக்கிறது, அந்த 'அட்வான்ஸ்' வரிக்குள். அங்கே போக வழியைத்தான் நான் அடைத்து வைத்திருக்கிறேன்!

"மாமா, ஆன் ஆனதும் எஸ்கேப் அமுக்குங்க" என்றேன். ஒருதரம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் டொக் டொக்கென்று தட்டித் தள்ள, மெனுவையும் தாண்டி 'க்ரப்' என்று எழுதி ஒரு கோடு மட்டும் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார். 'நார்மல்' என்று எழுத்தெழுத்தாக அடிக்கச் சொல்லி, திரும்ப ஒரே ஒரு எஸ்கேப் போடவைத்து, பழைய கெர்னலில் ஏற்றுவதற்குள் கனகாம்பரமே விற்றுத் தீர்ந்துவிட்டது.

2018-இல் வந்த ஃபெடோரா 29 என்ற லினக்ஸ் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தது. ஒரே சிஸ்டம் என்றால் மெனு மறைந்திருக்கும். லாகின் செய்து 2 நிமிடம் ஓடினால்தான் நல்லபடியாக ஏறியதாகக் கணக்கு. இல்லையென்றால் அடுத்த முறை மெனு தானாக வரும். புதிதாக வருபவர்களுக்கு இதுதான் சரி என்பேன். சும்மா மறைத்து வைப்பது, வண்டியில் ஸ்டெப்னியை வைத்து டிக்கிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வீட்டில் வைப்பது மாதிரி.

மாமா லேப்டாப்பில் மெனுவைத் திரும்பக் கொண்டுவந்து, 3 நொடி வைத்திருக்கிறேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் மாமாவே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார், பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன்: "அட்வான்ஸ் கேட்டால் தொடாதே. திரை கறுத்தால் மட்டும் கொடு."