சம்பளச் சீட்டு இல்லாத ஊரில் ஜீவனாம்சம்

நேயர்களுக்கு வணக்கமுங்க. விவாகரத்துக்குப் பிறகு காலம் முழுக்கத் தரவேண்டி வரும் ஜீவனாம்சத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். டீக்கடையில் இதற்குக் கணக்கு தயாராக இருக்கும். "சம்பளத்துல மூணுல ஒரு பங்கு" என்பார் ஒருவர். "சொத்துல பாதி போயிருமுங்க" என்பார் அடுத்தவர். இரண்டுமே சட்டத்தில் கிடையாது. 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டம், 25ஆவது பிரிவு, எந்த விகிதமும் சொல்லவில்லை. இரண்டு பேருடைய வருமானம், சொத்து, நடத்தை, சூழ்நிலை எல்லாம் பார்த்து நீதிமன்றம் தொகையை முடிவு செய்யும். கேட்பது மனைவியாகவும் இருக்கலாம், கணவராகவும் இருக்கலாம். 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்றது. வக்கீல்கள் அதை அளவுகோலாகக் காட்டுவார்கள். அவ்வளவுதான்.

சரி, 25 சதவீதமே என்று வைத்துக்கொள்வோம். எதில் 25? அரசு உத்தியோகம் என்றால் சம்பளச் சீட்டு இருக்கிறது. நம்ம பக்கம் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? சோமனூர், பல்லடத்தில் தறி. நாமக்கல்லில் கோழிப்பண்ணை. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி. பொள்ளாச்சியில் தோப்பு. கோர்ட்டில் வருகிற பதில் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "எம்பட பேர்ல ஒண்ணுமே இல்லீங்க, எல்லாம் எங்கப்பன் பேர்ல. தறி நின்னு வருசமாச்சுங்க."

தறி நின்றதா இல்லையா என்பதைக் கரண்ட் பில் சொல்லிவிடும். விசைத்தறி இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், யூனிட் பதிவாகிறது. நின்ற தறி கரண்ட் குடிக்காது. இணைப்பு எண் தெரிந்தால், அந்தக் கணக்கை மின்வாரியத்திடமிருந்து வரவழைக்கும்படி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பாவு நூல் கொடுத்து நெய்ய வைத்துக் கூலி தருகிற ஜவுளிக்காரர் வங்கி வழியாகப் பணம் போட்டிருந்தால், அந்த வரவும் பேசும்.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. கடன் மனு. ஜீவனாம்ச வழக்கில் ஏழையாக நிற்கிறவர், வண்டிக் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ வங்கிக்குப் போனபோது வசதியானவராகத்தான் இருந்திருப்பார். வருமான வரிக் கணக்கு, பேலன்ஸ் ஷீட் எல்லாம் அங்கே கொடுத்திருப்பார். பல வீடுகளில் மனைவியையும் கூட்டுக் கடன்காரராகக் கையெழுத்துப் போட வைத்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டவர் அந்த நகலைத் தானே வங்கியில் கேட்கலாம். நிலம் என்றால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வழக்குப் பேச்சு கிளம்பிய மாதத்தில் தம்பி பேருக்கு ஒரு தான செட்டில்மெண்ட் பதிவாகியிருந்தால், தேதியே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இதெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது? 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறை வகுத்தது. இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும். எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் நான்கு வாரம். விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவமே இருக்கிறது: நிலம் எவ்வளவு, கூட்டுச் சொத்தில் பங்கு எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, மூன்று வருட வருமானம், குத்தகை உண்டா, மாடு, ஆடு, கோழி எத்தனை. "எல்லாம் அப்பன் பேர்ல" என்கிறவரும் பூர்வீகச் சொத்தில் தன் பங்கை அங்கே எழுதியாக வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் அது தனிக் குற்றம்.

கேட்கிறவர்களுக்கும் இது பொருந்துமுங்க. பனியன் கம்பெனியில் டெய்லராகப் போகிறவர் அந்த வருமானத்தை மறைத்துவிட்டு, பிறகு வங்கிக் கணக்கில் அது தெரிந்தால், வழக்கில் சொன்ன மற்றதெல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகும். வேலைக்குப் போவதால் மட்டும் உரிமை போய்விடாது, அந்தச் சம்பளம் போதுமா என்றுதான் பார்ப்பார்கள். திரும்பவும் சொல்கிறேன், காகிதம்தான் சாட்சி. வாடகை ரசீது, ஸ்கூல் ஃபீஸ் ரசீது, மருந்துச் சீட்டு.

அடுத்து, மொத்தமாகவா, மாதாமாதமா? ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து "ஒரே தொகையாத் தீர்த்து விட்ருங்க" என்பது நம்ம பக்கத்து வழக்கம். இருக்கலாம், ஆனால் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொண்டால் போதாது. பரஸ்பர சம்மத மனுவிலேயே தொகையை எழுதி, பாதியை முதல் மனுவின்போதும் மீதியை டிகிரிக்கு, அதாவது விவாகரத்துத் தீர்ப்பாணைக்கு, முன்பும் டிடியாக வாங்க வேண்டும். "டிகிரி ஆகட்டும், ஆடி கழிச்சுத் தர்றேன்" என்பது வசூலாகாத கடன். குழந்தைக்கான தொகையைத் தனியாக எழுதுங்கள். அது குழந்தையின் உரிமை, தாய் விட்டுக்கொடுக்க முடியாது. சீர்வரிசையாக வந்த நகையும் தனி. அதை ஜீவனாம்சக் கணக்கில் கழிக்க விடாதீர்கள்.

மாதாமாதம் என்றால் தேதி, வங்கிக் கணக்கு எண், உயர்வு மூன்றும் உத்தரவில் இருக்கட்டும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாயும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வும் போட்டது. அதே கணக்கில் 8,000 ரூபாய் பத்து வருடத்தில் சுமார் 10,200 ஆகும். உயர்வு எழுதாவிட்டால் ஒவ்வொரு தடவையும் புது மனுதான்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். வரியைப் பற்றிச் சொல்ல நினைத்ததை விட்டுவிடுகிறேன். வசூல் மட்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதன் 144ஆவது பிரிவு எல்லா மதத்தவருக்கும் பொருந்தும், மறுமணம் செய்யாத விவாகரத்தான பெண்ணுக்கும் பொருந்தும். அதன்படி உத்தரவு வாங்கியிருந்தால், தொகை நின்ற ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும், தாண்டினால் அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கிடைக்காது. 25ஆவது பிரிவில் வாங்குகிறவர்கள், தேவைப்பட்டால் தொகையை எதிர்த்தரப்பின் நிலத்தின் மேலேயே பொறுப்பாக, அதாவது அந்த நிலமே தொகைக்கு ஈடாக நிற்கும்படி, ஏற்றச் சொல்லிக் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. போன் எண் 15100. வணக்கமுங்க.