வாடகைக்கு இருந்த பூர்வீக வீடு

நேயர்களுக்கு வணக்கம். பழைய குடும்ப வீடு ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோதே ஒன்றைச் சொல்லிவிட்டேன். நான் பேசப்போகிற வீடு ஒருநாளும் எங்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. மூன்று தலைமுறை வாடகைக்கு இருந்தோம். ஆனாலும் உறவுக்குள் இன்றைக்கும் எங்களுக்கு ‘குவீன் ஸ்திரீட் வீட்டுக்காரர்கள்’ என்றுதான் பெயர்.

மலேசியாவில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில், குவீன் ஸ்திரீட்டில், 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில் அந்த வீடு. தாத்தா, பினாங்கு ஸ்திரீட்டில் இருந்த ஒரு கிட்டங்கிக்குச் சமையலாளாக வந்தவர். கிட்டங்கி என்றால் இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த நீளக் கூடம் அது. ஆளுக்கொரு மரப்பெட்டி, அதுதான் ஆபீஸ். ராத்திரி அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். அங்கே குடும்பம் வைக்க முடியாது. அப்பத்தா கப்பலேறி வருகிறார் என்று கடிதம் வந்ததும் தாத்தா இந்த வீட்டைப் பிடித்தார்.

முகப்பு 18 அடி, நீளம் 100 அடிக்கு மேல். ரயில் பெட்டி மாதிரி என்பார் அப்பா. ஏன் இவ்வளவு ஒடுக்கம்? இந்த மாதிரிக் கடைவீடுகளில் மாடியைத் தாங்கும் உத்தரங்கள் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குப் போகும். மரம் எவ்வளவு நீளமோ, வீடு அவ்வளவு அகலம். எங்கள் வீட்டு உத்தரங்கள் மலாயில் செங்ஙால் என்கிற மரம், இரும்பு மாதிரி இருக்கும். அப்பத்தா அதைச் செங்கல் என்று கேட்டுவிட்டு, கல்லில் எப்படி உத்தரம் போட்டார்கள் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தாராம்.

வாசலில் அஞ்சடி, அதாவது ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைபாதை. சிங்கப்பூருக்கு 1822-இல் ராஃபிள்ஸ் போட்ட திட்டத்தில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தார். அந்த வழக்கம் பினாங்குக்கும் வந்தது. அந்த அஞ்சடிக்கு மேலே, மாடித் தரையில் ஒரு சதுரப் பலகை உண்டு. தூக்கினால் கீழே வாசலில் நிற்பது யார் என்று தெரியும். கதவைத் தட்டுவது கடன்காரனா, விருந்தாளியா என்று பார்க்கத்தான் வைத்தார்களாம். அப்பத்தா அதன் வழியே கயிற்றில் கூடையை இறக்குவார். ரொட்டி பாய் ரொட்டியை வைத்துவிட்டுச் சில்லறையை எடுத்துக்கொள்வார். இருவரும் முகம் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. பாய்க்கு அப்பத்தாவின் கை மட்டும் தெரியும், அப்பத்தாவுக்குப் பாயின் தொப்பி மட்டும் தெரியும்.

ஆனால் வீட்டின் உயிர் நடுவில் இருந்தது. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம், காற்று எல்லாம் நடு முற்றத்துத் திறப்பு வழியாகத்தான் வர வேண்டும். வெயில் ஏறினால் உள்ளே இருக்கிற சூடான காற்று அதன் வழியாக மேலே போய்விடும், அஞ்சடிப் பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். மழை வந்தால் கூரை விளிம்புகளிலிருந்து தண்ணீர் திரைச்சீலை மாதிரி விழும். கருங்கல் பாவிய பள்ளத்தில் அண்டாவை வைத்துப் பிடிப்போம். அந்தச் சத்தத்தில் கோவில் நாதஸ்வரம்கூடக் கேட்காது.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எல்லாரும் நகரத்தை விட்டு ஆயர் ஈத்தாம் பக்கம் ஓடினார்கள். திரும்பி வந்தபோது வீடு அப்படியே நின்றது. குண்டு செய்யாத கெடுதலை நாங்கள் செய்தோம். 1980-களில் கூடத்துச் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தது. விரலால் தொட்டால் முறுக்கு மாவு மாதிரி ஒட்டும். சிமெண்டு பூசினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றார் கொத்தனார். அப்பாவும் முழங்கால் உயரத்துக்குப் பூசினார். அந்தக் காலத்துச் செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்டு விடாது. ஈரம் இன்னும் மேலே ஏறியது, உப்பு கல்லுக்குள்ளேயே இறுகிக் கல்லை உடைத்தது. மூன்றே வருடத்தில் இடுப்பு உயரத்துக்கு உப்பு. அதற்கும் சிமெண்டு! அப்புறம் சாரல் அடிக்கிறது என்று முற்றத்துக்கு மேலே தகரம் போட்டோம். அன்றிலிருந்து பகலிலும் விளக்குதான்.

வீட்டுக்காரர் ஏன் பழுது பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு அப்போது வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. நாங்கள் கொடுத்தது மாதம் 80 வெள்ளி, அதாவது 80 ரிங்கிட். அந்தக் காசில் அவர் ஓடு மாற்றுவாரா? ஆனால் அதே சட்டத்தால்தான் பழைய வீடுகளை இடித்துவிட்டு உயரக் கட்டிடம் எழுப்ப யாருக்கும் கை வரவில்லை. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் ஏறியதற்கு எங்களைப் போன்ற 80 வெள்ளிக்காரர்களும் ஒரு காரணம் என்பேன். வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

2000-இல் அந்தக் கட்டுப்பாடு போயிற்று. புது வாடகையைக் கேட்டதும் அப்பா பேசவில்லை, அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் பாயான் பாரு அடுக்குமாடிக்குப் போனோம்.

வீடு இப்போது தங்கும் விடுதி. போன வருடம் ஒரு காப்பி சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள், தகரத்தைக் காணோம், முற்றத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். விடுதியில் வேலை பார்க்கும் பெண் சரி என்றாள். சதுரப் பலகை அதே இடத்தில் இருந்தது. தூக்கினேன். கீழே அஞ்சடியில் முதுகுப்பையோடு நின்ற வெள்ளைக்காரப் பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, எதற்கென்று தெரியாமலே எனக்குக் கையசைத்தான்.