விளிம்பு செய்கிற வேலை

நண்பர்களே, வணக்கம். ஓர் ஓவியம் ஏன் பிடித்தது என்று கேட்டால் நிறம் என்போம், முகபாவம் என்போம். அது வட்டமா நீள்சதுரமா, எங்கே முடிகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நம் ரசனையில் பாதியை அந்த விளிம்புதான் தீர்மானிக்கிறது என்று நான் நம்புகிறேன்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நகரக் காவல் படை ஒன்று தன் தளபதியோடு புறப்படுகிற காட்சி அது. 1715-இல் அதை ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒதுக்கிய சுவரில் அது அடங்கவில்லை. நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள்! இடப்பக்கத்தில் மட்டும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் போயிற்று. அங்கே நின்றிருந்த ஆட்களும் அதோடு போனார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நல்லவேளையாக, வெட்டுவதற்கு முன்பே ஒருவர் சிறிய நகல் எடுத்திருந்தார். அதை வைத்து, இழந்த பகுதிகளைக் கணினி உதவியோடு உருவாக்கி, 2021-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் மூலத்தைச் சுற்றிப் பொருத்திக் காட்டியது. அப்போது தெரிந்தது சேதம். வெட்டிய படத்தில் தளபதியும் துணைத்தளபதியும் ஏறக்குறைய நடுவில் நிற்கிறார்கள். முழுப் படத்தில் அவர்கள் வலப்புறம் தள்ளி இருக்கிறார்கள்; இடப்பக்கம் இடம் திறந்து கிடக்கிறது. கூட்டம் அதை நோக்கிப் புறப்படுகிறது. முகங்களில் ஒரு கோடுகூட மாறவில்லை. விளிம்பு நகர்ந்தது, நடை நின்றுபோனது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. உளவியலாளர் ஸ்டீபன் பாமரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட சோதனைகளில், பக்கவாட்டில் திரும்பிய உருவம் படச்சட்டத்தின் உள்பக்கம் பார்த்தபடி இருப்பதையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். பார்வைக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், பொன் விகிதம். பக்கங்கள் 1-க்கு 1.618 என்று அமைந்த செவ்வகமே அழகு என்பார்கள். 1876-இல் ஜெர்மன் ஆய்வாளர் ஃபெக்னர் பத்துச் செவ்வகங்களை வைத்துச் செய்த சோதனை இதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் அதே முடிவைத் தரவில்லை. எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு பொருந்தும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தாலிய ஓவியர் ரஃபேலின் வட்ட ஓவியம் ஒன்று ஃபுளோரன்ஸின் பிட்டி மாளிகையில் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்த மாதா குழந்தையை அணைத்திருக்கிறாள். தோள் வளைகிறது, முழங்கை வளைகிறது, குழந்தையின் உடம்பும் வளைகிறது. எல்லாம் வட்டத்தின் ஓரத்தோடு ஒத்துப்போகின்றன. இடப்பக்கம் நாற்காலி முதுகின் கடைந்தெடுத்த மரத்தண்டு ஒன்று மட்டும் நேராக நிற்கிறது. அதை விரலால் மறைத்துப் பாருங்கள், படம் உருண்டு ஓடிவிடும் போலத் தோன்றும். இதே தாயையும் பிள்ளையையும் நீள்சதுரத்தில் வைத்தால் நான்கு மூலையும் வெறிச்சென்று கிடக்கும்; அந்த அணைப்பின் இதம் போய்விடும்.

சட்டத்தின் அருமை ஓவியர்களுக்குத் தெரியும். பிரெஞ்சு ஓவியர் பூசன் 1639-இல் தன் ஓவியம் ஒன்றை அனுப்பியபோது, அதற்குச் சட்டம் போடச் சொல்லிக் கடிதம் எழுதினார்: பார்ப்பவரின் கண் பக்கத்துப் பொருள்களில் சிதறக் கூடாது என்பதே காரணம். புள்ளிகளாலேயே படம் வரைந்த பிரெஞ்சு ஓவியர் சூரா ஒரு படி மேலே போய், கித்தானின் ஓரத்திலேயே வண்ணப் புள்ளிகளால் கரை கட்டினார்.

சரி, நீங்களே செய்து பாருங்கள். தடித்த அட்டையில் ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு சேர்த்தால் ஒரு சட்டம் கிடைக்கும். அதை ஏதாவது ஒரு புகைப்படத்தின் மேல் வைத்து மெல்ல நகர்த்துங்கள். அகலமாக்குங்கள், ஒடுக்குங்கள். உங்கள் கை எந்த இடத்தில் தானாக நிற்கிறது என்று பாருங்கள்.