"என்ன இப்படி ஊதிட்ட?" – பார்த்ததும் இதைக் கேக்குறவங்களுக்கு

வணக்கம் மக்களே. இன்னைக்கு சமையலும் இல்ல, ஊர் சுத்துறதும் இல்ல. உக்காந்து பேசத்தான் போறேன். ரொம்ப நாளா மனசுல கிடக்குற விஷயம் இது.

நம்ம ஊர்ல ஒருத்தர ரெண்டு வருஷம் கழிச்சுப் பாக்குறோம்னு வைங்க. "நல்லா இருக்கியா"க்கு முன்னாடியே வாயில என்ன வரும்? "என்னடி இப்படி ஊதிட்ட?" இல்லேன்னா, "என்ன இப்படி இளைச்சு, கருத்து, காஞ்சு போயிட்ட?" எங்க திருநெல்வேலி பக்கம் இன்னும் உரிமையா கேப்பாங்க, "ஏட்டி, அங்க ஒனக்கு சோறே போடலியா?" பஸ்ஸ விட்டு இறங்கி கையில இருக்குற பைய கீழ வச்சிருக்க மாட்டோம், அதுக்குள்ள நம்ம உடம்புக்கு மார்க் போட்டு முடிச்சிருப்பாங்க.

பாசத்துலதான் கேக்குறாங்க. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பாசம் அதைக் காதுல வாங்குறவங்க மேல எப்படிப் போய் விழுதுன்னு பாக்கணும்ல.

தை மாசம் பாளையங்கோட்டையில ஒரு கல்யாணம். பந்தியில எனக்கு எதிர் வரிசையில அக்கா தங்கச்சி ரெண்டு பேரு. அக்காவுக்கு ஒரு பதினேழு வயசு இருக்கும், பூசினாப்ல உடம்பு. தங்கச்சி நல்ல ஒல்லி. ஜாங்கிரித் தட்டத் தூக்கிட்டு வந்தவர் சொந்தக்காரர்தான். தங்கச்சி இலையில ஒண்ணு வச்சார். "தின்னு தாயி, காத்தடிச்சா பறந்துருவ"ன்னு இன்னொண்ணும் வச்சார். அக்கா இலைக்கு வந்ததும் கை அப்படியே நின்னுருச்சு. "ஒனக்கு வேண்டாம்லா?" அப்படின்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள அடுத்த இலைக்குப் போயிட்டார். சுத்தி நாலு பேர் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு சாம்பார் சாதத்துல ரெண்டு வாய் சாப்பிட்டுச்சு. ரசம் வர்றதுக்கு முன்னாடி இலைய மூடிட்டு எந்திரிச்சுருச்சு. தங்கச்சி அந்த ரெண்டு ஜாங்கிரியையும் தொடவே இல்ல. ஒரே வாக்கியத்துல ரெண்டு பிள்ளைங்களோட சாப்பாடும் போச்சு.

அந்த மாமாவ வில்லன் ஆக்க நான் வரல. அவருக்கு அது ஒரு பேச்சே கிடையாது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சா கொஞ்சம் புரியும். 1876-ல இருந்து 78 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துல தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்குல செத்தாங்க. அதுக்கு அப்புறமும் ரொம்ப காலத்துக்கு நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு மூணு வேளை சோறுங்கறது நிச்சயம் இல்ல. அப்ப ஒருத்தர் உடம்பு தேறுதுன்னா அந்த வீட்டுல அரிசி இருக்குன்னு அர்த்தம். மெலியுதுன்னா சோத்துக்குக் கஷ்டம், இல்லேன்னா காசநோய். "இளைச்சிட்டியே"ன்னு கேட்ட பாட்டி நிஜமாவே பயந்துதான் கேட்டாங்க. அந்த பயத்துக்கு ஒரு நியாயம் இருந்துச்சு.

அதே வீட்டுல இன்னைக்கு அந்த பயமும் இருக்கு, அதுக்கு நேர் எதிரான ஒரு பயமும் வந்து உக்காந்திருக்கு. குழந்தை கொழுகொழுன்னு இருந்தா கொஞ்சுறோம். அதே குழந்தை பெண்ணா இருந்து பத்து வயசத் தாண்டிட்டா "சாப்பாட்ட குறை"ங்கிறோம். வரன் பாக்கும்போது ஒல்லியா இருக்கணும், கல்யாணம் ஆகி ஆறு மாசத்துல சதை போடலேன்னா "மாமியார் வீட்டுல சரியா கவனிக்கலியோ"ன்னு பேச்சு. ஆம்பளைங்களுக்குத் தொப்பை விழுந்தா "வசதி வந்துருச்சு". அவங்க சம்சாரத்துக்கு விழுந்தா "உடம்ப கவனிக்கிறதே இல்ல". ஒரு பொண்ணு எந்த வயசுலதான் சரியான எடையில இருக்கான்னு யாராவது சொல்லுங்களேன்.

ஒரு சமூகத்தோட பார்வை எவ்வளவு வேகமா மாறும்ங்கிறதுக்கு ஃபிஜித் தீவுல ஒரு உதாரணம் இருக்கு. அங்க பூர்வகுடி மக்கள்கிட்ட நல்ல கனமான உடம்புதான் மதிப்பு. ஒருத்தர் மெலிஞ்சா சாப்பாடு இறங்கலியோன்னு வீடே கவலப்படும், நம்ம பாட்டி மாதிரியேதான். 1995-ல நாட்ரோகாங்கிற பகுதிக்கு டிவி வந்துச்சு. ஆன் பெக்கர்னு அமெரிக்க மருத்துவர், மானிடவியலும் படிச்சவங்க, டிவி வந்த புதுசுலயே பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்ககிட்ட பேசினாங்க. 1998-ல திரும்பப் போய்ப் பேசினாங்க. சின்ன ஆய்வுதான், ஒவ்வொரு தடவையும் 60 சொச்சம் பொண்ணுங்க. முதல் தடவை, எடைக்காக வாந்தி எடுக்குறேன்னு ஒரு பொண்ணு கூட சொல்லல. மூணு வருஷம் கழிச்சு 11.3 சதவீதம் பேர் சொன்னாங்க. 74 சதவீதம் பேர், அப்பப்பவாவது "நான் ரொம்ப குண்டா இருக்கேன்"னு தோணுதுன்னு சொன்னாங்க. உடம்பெல்லாம் அதே உடம்புதான். கண்ணு மாறிருச்சு.

நம்ம கண்ண மாத்தினதுல சினிமாவுக்குப் பெரிய பங்கு இருக்கு. ஓமக்குச்சி நரசிம்மன், குண்டு கல்யாணம். ரெண்டு பேருமே நல்லா நடிக்கத் தெரிஞ்சவங்க. ஆனா ஒருத்தரோட மெலிவும் இன்னொருத்தரோட பருமனும் பேருக்கு முன்னாடியே ஒட்டிக்கிச்சு. அவங்க திரையில நின்னாலே சிரிக்கணும், அவ்வளவுதான் காட்சி. அதப் பாத்து வளந்த பசங்க வகுப்புல என்ன பேரு வைப்பாங்க? "எந்தக் கடையில அரிசி வாங்குற?"ங்கிற கிண்டல கேக்காத ஒரு குண்டுப் பையன் தமிழ்நாட்டுல இருக்க முடியாது.

சரி, நிலவரம் என்னன்னு பாப்போம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுப் பெண்கள்ல, 15 வயசுல இருந்து 49 வரைக்கும், 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அதுக்கு முந்தின ஆய்வுல இது 30.9. குறைஞ்ச எடை 12.6 சதவீதம். ரெண்டையும் கூட்டிப் பாருங்க, பாதிக்கு மேல வந்துரும். அப்ப "சரியான உடம்பு"ன்னு நாம மனசுல வச்சிருக்குறது இந்தக் கணக்குப்படி பாதிப் பேர்கிட்ட கூட இல்ல. அது இல்லாதவங்களத்தான் நாம தனியா நிக்க வச்சு கை காட்டிக்கிட்டு இருக்கோம்.

அந்தக் கணக்கே பிஎம்ஐ-ய வச்சுத்தான் போடுறாங்க. எடைய உயரத்தோட வர்க்கத்தால வகுக்குறது. இத 1830-கள்ல யோசிச்சவர் அடால்ஃப் கெட்லே, பெல்ஜியத்துக்காரர். அவர் டாக்டர் இல்ல, வானியலும் புள்ளிவிவரமும் பாத்தவர். மக்கள் கூட்டத்துல "சராசரி மனுஷன்" எப்படி இருப்பான்னு கண்டுபிடிக்கத்தான் போட்டார். ஒரு ஆளுக்கு நோய் இருக்கா இல்லையான்னு சொல்ற கருவியா அவர் நினைக்கவே இல்ல. பிஎம்ஐ-ங்கிற பேரு 1972-ல அன்சல் கீஸ்ங்கிற அமெரிக்க ஆய்வாளர் வச்சது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். 2004-ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ரெண்டு டாக்டருங்க சேர்ந்து ஒரு குட்டிக் கட்டுரை எழுதினாங்க. ஒருத்தர் புனேயில இருக்குற யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன்ல இருக்குற யுட்கின். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்குற படத்தையே போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒண்ணுதான், 22.3. பாத்தா ரெண்டு பேரும் ஒல்லி. ஆனா உடம்புக் கொழுப்ப அளந்தா யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ரெண்டு மடங்குக்கு மேல! யாஜ்னிக் குழு புனேல பிறந்த குழந்தைங்களையும் பாத்தாங்க. அங்க சராசரி பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்துல 3.5. நம்ம குழந்தை சின்னதா பிறக்குது, தசை கம்மியா இருக்கு, ஆனா கொழுப்பு அந்த அளவுக்குக் குறையல. அம்மாவுக்கு வயித்துப் பிள்ளையோட இருக்கும்போது கிடைக்காம போன சத்து, நாப்பது வருஷம் கழிச்சு பிள்ளையோட சுகர் ரிப்போர்ட்ல வந்து நிக்குது. இத முதல்ல படிச்சப்ப எனக்குத் தூக்கம் வரல.

ஏன்னா எங்க பெரியப்பா. நரம்பு மாதிரி உடம்பு. குடும்பத்துல எல்லாரும் அவரத்தான் உதாரணம் காட்டுவாங்க, "பெரியப்பாவப் பாரு, ஒரு பொட்டு சதை இல்ல"ன்னு. அவருக்கு சுகர் பாக்கணும்னு யாருக்குமே தோணல, அவருக்கும் தோணல. செருப்பு கடிச்ச புண்ணு ஆறாம, காலு கறுத்து வந்ததுக்கு அப்புறம்தான் பாத்தாங்க. அன்னைக்கு 380. எத்தனை வருஷமா இருந்துச்சோ. ஒரு விரல எடுக்க வேண்டியதாப் போச்சு.

இந்தப் பக்கம் என் கூட வேலை பாத்த ஒரு பொண்ணு. நல்ல உடம்பு. மாடி ஏறினா மூச்சு வாங்குது, எந்நேரமும் அசதி. போன ஆஸ்பத்திரியில எல்லாம் முதல்ல எடை மெஷின், இறங்குன உடனே "எடைய குறைங்கம்மா, எல்லாம் சரியாயிரும்". அவளும் குறைக்கிறேன்னு ராத்திரிச் சாப்பாட்ட விட்டா. இன்னும் அசதி. கடைசியில ஒரு லேடி டாக்டர், எடையப் பத்தி ஒரு வார்த்தை பேசாம, கண்ணு இமைய கீழ இழுத்துப் பாத்தாங்க, நகத்தப் பாத்தாங்க, மாதவிடாய் எத்தனை நாள் போகுதுன்னு கேட்டாங்க. ரத்தம் எடுத்தாங்க. ஹீமோகுளோபின் 7. குறைஞ்சது 12 இருக்கணும். ரத்தசோகைன்னா ஒல்லியா வெளிறிப் போயிருப்பாங்கன்னு நம்ம தலைக்குள்ள ஒரு படம் இருக்கு. அந்தப் படத்துல அவ பொருந்தல, அதனால யாரும் தேடல. தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்குன்னு அதே ஆய்வு சொல்லுது. அவங்க எல்லாரும் ஒல்லியா இருக்க வாய்ப்பே இல்ல.

உடம்பப் பாத்து "நீ சரி, நீ சரியில்ல"ன்னு சொல்ற இந்தப் பழக்கம் மனச மட்டும் நோகடிக்கிறதில்ல. நோய் இருக்குற ஒல்லி ஆள ஆஸ்பத்திரிக்குப் போக விடமாட்டேங்குது. நோய் இருக்குற குண்டு ஆளுக்கு, போனாலும் நோயத் தேட விடமாட்டேங்குது. என் கோவம் அங்கதான்.

உடம்புப் பருமன்ல ஆபத்தே இல்லன்னு நான் சொல்லல. இருக்கு. இடுப்பச் சுத்தி, வயித்துக்குள்ள சேர்ற கொழுப்புல சுகர், பிரஷர், கல்லீரல் கொழுப்பு எல்லாம் வருது. 2025 ஜனவரியில லான்செட் அமைச்ச நிபுணர் குழு கூட, பிஎம்ஐ-ய மட்டும் வச்சு ஒருத்தர நோயாளின்னு முடிவு பண்ணாதீங்க, உறுப்புகள் பாதிச்சிருக்கான்னு பாருங்கன்னு சொல்லிருக்கு. அதே வருஷம் மௌஞ்சாரோ, வெகோவின்னு எடை குறைக்கிற ஊசியெல்லாம் இந்தியாவுக்கு வந்துச்சு. டாக்டர் சொல்லி அதப் போட்டுக்குறவங்களையும் "கஷ்டப்படாம குறைக்கிறா"ன்னு பேசுறாங்க. குண்டா இருந்தாலும் தப்பு, வைத்தியம் பாத்தாலும் தப்புன்னா அவங்க எங்கதான் போவாங்க? பேச்சுக்கு பயந்து கண்ட பவுடரயும் மாத்திரையையும் வாங்கிப் போடுறவங்களும் இருக்காங்க. பசி எடுக்க ஒரு மாத்திரை, பசி அடங்க ஒரு மாத்திரை, ரெண்டும் சீட்டு இல்லாம. பசி அடக்குற சிபுட்ராமின் மருந்த இதயத்துக்கு ஆபத்துன்னு 2010-ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் நிறுத்தினாங்க. டாக்டர் எழுதிக் குடுத்த மருந்துக்கே அந்தக் கதி. பேரு தெரியாத டப்பாவுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பாத்தா?

உங்களுக்கு நிஜமா அக்கறை இருந்தா வீட்டுல தையல் டேப் இருக்கும், அத எடுங்க. அடுத்தவங்க இடுப்புல வைக்க இல்ல, உங்க இடுப்புல. புடவை, பெல்ட் மேல வைக்காதீங்க, தோல் மேல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல. வயித்த உள்ள இழுக்காம, சாதாரணமா மூச்ச விட்டுட்டு அளங்க. நம்ம உடம்பு வாகுக்குப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, அதுக்கு மேல போனா ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கலாம். கைகால் குச்சியா இருந்து வயிறு மட்டும் முன்னாடி நிக்குதுன்னா, "நான் ஒல்லிதானே"ன்னு விட்டுறாதீங்க, கண்டிப்பா எடுங்க.

நல்ல உடம்பு இருக்குறவங்களுக்கு ஒண்ணு. மூட்டு வலி, மூச்சு வாங்குது, எதுக்குப் போனாலும் எடையில முடிச்சுட்டாங்கன்னா பயப்படாம கேளுங்க: "டாக்டர், ஒல்லியான ஒருத்தங்க இதே தொந்தரவோட வந்தா என்னென்ன டெஸ்ட் எழுதுவீங்க? அத எனக்கும் எழுதுங்க." மரியாதையா, தெளிவா கேளுங்க. நல்ல டாக்டர் கோவப்பட மாட்டாங்க.

அப்புறம் ஊர்ல, மக்களைத் தேடி மருத்துவம்னு சுகர், பிரஷர் பாக்க அக்காங்க வீட்டுக்கே வர்றாங்கல்ல. எங்க தெருவுல நான் கண்ணால பாத்தேன், ஒல்லியா இருக்குற ஆம்பளைங்க "எனக்கெதுக்கும்மா, உள்ள அவளுக்குப் பாரு"ன்னு திண்ணையிலயே உக்காந்திருக்காங்க. உங்க அப்பா, மாமா, தாத்தா அப்படி உக்காந்திருந்தா, கையப் பிடிச்சு நீட்ட வச்சுப் பாக்க வைங்க. சரி மக்களே, அடுத்த வீடியோல பாப்போம்.