கோபுரமும் டவரும் ஒன்றாகத் தெரியும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நேரத்தில் பல பேர் படகைக் கரையேற்றிவிட்டு, வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். வேலையை நிறுத்த வேண்டாம், கை பாட்டுக்கு நடக்கட்டும். நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

30 வருடமாக நாட்டுப்படகுக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். மீனவர் சங்கத்தில் பொறுப்பில் இருந்ததும் உண்டு. ஆனால் என்ன வேலை செய்தாய் என்று கேட்டால், மனு எழுதினேன் என்றுதான் சொல்வேன். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கடலில் ஒருவருக்குத் தெரிந்ததைக் காகிதத்தில் ஏற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதைப் பற்றி.

செய்தியில் 'ராமநாதபுரம் மாவட்ட மீனவர்கள் வேலைநிறுத்தம்' என்று வாசிப்பார்கள். அன்றைக்கும் நீங்கள் வத்தைப் படகைத் தள்ளிக்கொண்டு தொழிலுக்குப் போயிருப்பீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், 'மீனவர்கள் கடலுக்குச் செல்லவில்லை' என்பார்கள். அந்தத் தடை விசைப்படகுக்கு. அந்த 61 நாளும் சந்தைக்கு வருகிற மீனில் உங்கள் மீனும் இருக்கும். மீனவர் என்று சொன்னாலே விசைப்படகு என்று ஆகிவிட்டது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களும் நம் பிள்ளைகள்தான். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் கிடப்பவர்களும் அவர்கள்தான். அவர்கள் துயரம் பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கரையோரம் தொழில் செய்கிறவனுக்காகப் பேசவும் ஒரு வாய் வேண்டும் இல்லையா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1983-இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைலை நமக்கென்று ஒதுக்கியது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆக, சுமார் ஐந்தரை கிலோமீட்டர். வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நமக்கு என்ற முறையும் இருக்கிறது. எத்தனையோ சண்டைக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடி வலையும், மீன்கூட்டத்தை வளைத்துச் சுருக்குகிற சுருக்குமடி வலையும் 2000-த்திலேயே தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. கடலில் நடந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவருவதில்தான் நாம் தோற்கிறோம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொஞ்சம் நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு ஊர். அங்கே ஒரு பெரியவர், நண்டுவலைக்காரர். சாயங்காலம் 10 துண்டு வலை விட்டுவிட்டு வந்தார். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் 3 துண்டுதான் இருக்கிறது. மேல்கயிறு கத்தியால் வெட்டின மாதிரி இல்லை, பிய்த்து இழுத்த மாதிரி நாராக நிற்கிறது. விசைப்படகு இழுத்துப்போகிற இழுவைமடி வலை அதன் மேல் ஓடியிருக்கிறது. அந்தக் கயிற்று முனையைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். மனு எழுதினோம், இருவரும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர்தான். எந்த இடத்தில் நடந்தது என்று கேட்டார். பெரியவர் யோசிக்கவே இல்லை. "எங்க கோயில் கோபுரமும் அதுக்குப் பின்னால இருக்கிற செல்போன் டவரும் ஒண்ணாத் தெரியும் சார். அப்படியே தெற்கே பார்த்தா, பள்ளிவாசல் மினாரா பனங்கூட்டத்தை விட்டுக் கழண்டு நிக்கும். மூணு பாகம் தண்ணி. அடியில சேறும் சிப்பியும்" என்றார்.

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும், இல்லாவிட்டால் 3 மைலுக்கு உள்ளேயா வெளியேயா என்று எப்படிச் சொல்வது என்றார். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். இடத்தைத்தான் சொல்லிவிட்டேனே, இன்னும் என்ன கேட்கிறார் என்பது போல.

அடுத்த வாரம் ஒரு ஜிபிஎஸ் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு அவர் வத்தையில் போனேன். காலை வெயில் பின்னால் இருந்து கரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கரையைப் பார்த்தபடியே சுக்கானைப் பிடித்திருந்தார். முதலில் டவர் கோபுரத்துக்கு வலப்பக்கம் தனியாக நின்றது. மெல்ல மெல்ல நகர்ந்து வந்து கோபுரத்துக்குப் பின்னால் மறைந்தது. அந்த நேர்கோட்டிலிருந்து விலகாமல் ஓட்டினார். தெற்கே பனைக்குள் இருந்து மினாரா வெளியே வந்ததும் என்ஜினை நிறுத்தினார். "இதுதான் தம்பி."

கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை இறக்கினார். கையை விரித்து விரித்து அளந்தார், மூன்று பாகம். மேலே இழுத்த குண்டில் கருஞ்சேறு அப்பியிருந்தது. விரலால் வழித்து என் உள்ளங்கையில் வைத்தார். தேய்த்துப் பார்த்தால் சிப்பித் தூள் நறநறவென்றது. அலுவலகத்தில் சொன்னாரே, அதே சேறும் சிப்பியும்.

கருவியைப் பார்த்தேன். கரையிலிருந்து 2.4 கடல் மைல். அதாவது எல்லைக்கு நன்றாக உள்ளே. அவர் சொன்னது அத்தனையும் முதல் நாளே சரி. அதைப் புரிந்துகொள்கிற காகிதம்தான் இல்லை. திருப்பிச் சொல்கிறேன், அவருக்கு இடம் தெரியாமல் இல்லை, நம் மனுவுக்குத்தான் தெரியவில்லை. சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்குத்தான். மேடையில் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். கோபுரத்தையும் டவரையும் எண்ணாக மாற்றிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

சரி, அப்புறம் என்ன ஆனது? அடுத்த கேள்வி வந்தது. வலைக்கு ரசீது எங்கே? நண்டுவலையை யார் கடையில் முழுசாக வாங்குகிறார்கள்? வலைப் பீஸ் ஒரு இடம், கயிறு ஒரு இடம், ஈயம் ஒரு இடம். வீட்டில்தான் சேர்த்துக் கட்டுகிறோம். கடைசியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, விசைப்படகுத் தரப்பு பீஸுக்கும் கயிற்றுக்கும் பணம் கொடுத்தது. முழுசாக இல்லை, ஆனாலும் கொடுத்தார்கள். பணத்தோடு வீட்டுக்குப் போனோம். பெரியவர் மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நான் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து கட்டுனது கணக்குல இல்லையா அண்ணே?"

இல்லை. நான் எழுதவில்லை. அவர் கணவரும் சொல்லவில்லை, அலுவலகத்திலும் கேட்கவில்லை. விரலில் நைலான் அறுத்த கோடு தெரிய அந்த அம்மா நின்ற நிலை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு நான் எழுதிய ஒரு மனுவிலும் கட்டுக்கூலி விடுபட்டதில்லை.

இதே விஷயத்தை உலக அளவில் எழுதவைக்கப் பாடுபட்ட ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். சந்திரிகா சர்மா. சிறுமீனவர் ஆதரவுக்கான சர்வதேச அமைப்பில் சென்னையில் இருந்து வேலை செய்தவர். வலை கட்டுவது, மீன் காய வைப்பது, தலைச்சுமையாக விற்பது எல்லாம் மீன்பிடித் தொழில்தான் என்று வாதாடியவர். 2014 மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார். உணவு, வேளாண்மை தொடர்பான ஐநா அமைப்பின் கூட்டத்துக்காக மங்கோலியா போகிற வழியில். அதே வருடம் ஜூனில் சிறுமீனவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை அந்த அமைப்பு ஏற்றது. அதை அவர் நினைவுக்கே சமர்ப்பித்திருக்கிறார்கள். கரையில் பெண்கள் செய்கிற வேலையும் அதில் தொழிலாக எழுதப்பட்டிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கை காட்டுகிறார், நேரம் ஆகிவிட்டது. தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்தேன். 1986-இல் அங்கே இருக்கிற 21 தீவுகளும் தேசியப் பூங்காவாக ஆனதில் இருந்து, அம்மா காலத்தில் போன இடத்துக்கு மகள் போக முடியவில்லை. அவர்களே கூடி, மாதம் 12 நாள்தான் எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015-இல் அமெரிக்கா போய் அதற்காக விருது வாங்கி வந்தார். அவர்கள் கதைக்கு இன்னொரு நாள் வேண்டும்.

ஒன்றே ஒன்று மட்டும். வலை அறுந்தால் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், எத்தனை துண்டு, எதுவும் எதுவும் ஒன்றாகத் தெரிந்த இடம். கட்டியது யார், எத்தனை ராத்திரி என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். போன் இருந்தால் அந்த இடத்திலேயே எண்ணைக் குறித்துக்கொள்ளலாம், வீட்டுப் பிள்ளைகள் காட்டித் தருவார்கள். மனு எழுத வரும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். வணக்கம்.